ஈரக்கோடு

“இன்னொரு தடவை பறக்கணும் சார். இந்தத் தடவை தண்ணி ஊத்தாம.”

அவள் சொல்லி முடித்ததும் கூட்ட அறையில் ஒருவர் வாய்வரை கொண்டுபோன தேநீரை அங்கேயே நிறுத்தினார். துணை இயக்குநர் எதையோ கீழே தவறவிட்டவர்போலக் குனிந்து மேசைக்கடியில் போனார்; வெகுநேரம் வெளியே வரவில்லை. இயக்குநர் மட்டும் சிரித்தார். பல் மருத்துவர் ஊசியை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு.

வேலைக்குச் சேர்ந்த அன்றே அவளை எச்சரித்திருந்தார்கள். அவளுக்கு முன்னால் மண் காயவைக்கும் அடுப்பறையில் இருந்தவர், ஓய்வு பெற்றுப் போகிற அவசரத்திலும் அவளை ஓரமாக அழைத்துப்போய்ச் சொன்னார்: “லீவு கேளு. வண்டி கேளு. ஏசி ரூம் கேளு. எதுவும் கிடைக்காது, ஆனா கேக்கலாம். மறுபடி பறக்கச் சொல்லி மட்டும் கேட்டுடாத.”

“ஏன் சார்?”

அவர் கூட்ட அறைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, “அங்க குடை இருக்கு” என்றார்.

அந்தக் குடையைச் சொல்லாமல் கதை நகராது.

மண் ஈர ஆய்வு நிலையத்தின் வேலை, கேட்டால் எளிமையானது. செயற்கைக்கோள் ஒன்று வானத்திலிருந்து தரையைப் பார்த்து, எந்த ஊர் மண் ஈரம், எந்த ஊர் மண் வறட்சி என்று சொல்லும். அத்தனை உயரத்திலிருந்து சொல்வதை அப்படியே நம்பிவிட முடியாதல்லவா? ஆகவே ஆண்டுதோறும் ஒரு சிறிய விமானம் அதே மாதிரிக் கருவியை வயிற்றில் கட்டிக்கொண்டு வயல்களுக்கு மேலே தாழப் பறக்கும். அது பறக்கும்போதே கீழே ஆட்கள் மண்ணில் கம்பியைக் குத்தி ஈரம் பார்ப்பார்கள். கொஞ்சம் மண்ணை டப்பாவில் அள்ளி நிலையத்துக்கு அனுப்புவார்கள். அதை நிறுத்து, அடுப்பில் காயவைத்து, மறுபடி நிறுத்தால் குறைந்துபோன எடைதான் ஈரம். அந்த அடுப்பறைதான் அவளுடையது. ஆக, செயற்கைக்கோளை விமானம் சரிபார்க்கும். விமானத்தை மண் சரிபார்க்கும். மண்ணைச் சரிபார்ப்பவர் இயக்குநர்.

முதல் பறப்பு நடந்த நாளில் நல்ல மழை. அப்போது இயக்குநருக்குத் தலைமுடி இருந்தது. ஒரு கையில் குடையும் ஒரு கையில் கம்பியுமாக வயலில் நின்று முதல் குத்துக் குத்தினார். வானம் சொன்னதும் விமானம் சொன்னதும் மண் சொன்னதும் ஒன்றாக இருந்தன. அடைமழையில் வேறு எப்படி இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. மாலை போட்டார்கள், பதவி உயர்த்தினார்கள். அன்றைய அளவு ‘மூல அளவு’ ஆயிற்று. அதற்குப் பிறகு அந்த வட்டாரத்தில் மழை சரியாகப் பெய்யவேயில்லை. அளவு குறைந்தால் முதல் நாளே தப்பென்று ஆகிவிடுமே என்ற கவலையில் நிலையம் ஒரு தனிப் பிரிவைத் தொடங்கியது. அதன் பெயர் மண் ஒத்திசைவுப் பிரிவு. விமானம் வருவதற்கு முன்னால் போய், மண் முதல் நாளில் எப்படி இருந்ததோ அப்படி அதை ஆக்கி வைப்பது அதன் பொறுப்பு.

குடை கூட்ட அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் விரித்த நிலையில் இருந்தது. ஒவ்வொரு கூட்டமும் எல்லாரும் எழுந்து அதைக் கொஞ்சநேரம் மௌனமாகப் பார்ப்பதில்தான் தொடங்கும். முதல் நாளைப்போலவே அது சொட்ட வேண்டும் என்பதற்காக, அலுவலக உதவியாளர் தினமும் காலையில் ஒரு குவளைத் தண்ணீரை அதன்மேல் ஊற்றுவார். கீழே ஒரு தட்டு. சொட்டுகிற குடைக்கு எதிரில்தான் நிலையத்தின் எல்லா முடிவுகளும் எடுக்கப்பட்டன.

ஒருநாள் அவள் உதவியாளரிடம் விளையாட்டாகக் கேட்டாள். “என்னண்ணே, இன்னிக்குக் குடையைக் குளிப்பாட்டியாச்சா?”

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “போன வருஷம் வரைக்கும் நான்தான் ஊத்திட்டு இருந்தேன்.”

“இப்ப யாரு ஊத்தறா?”

“யாரும் ஊத்தறதில்ல. அதுவா சொட்டுது.” துணியைப் பிழிந்தார். “மேல சொல்லிடாதம்மா. எனக்கு வேற வேலை குடுத்துடுவாங்க.”

அவள் சிரித்தாள். பிறகு தட்டைப் பார்த்தாள். அது விளிம்புவரை நிரம்பியிருந்தது. தண்ணீரில் சேற்று வாடை அடித்தது.

*

அவளுக்கு உறவென்று சொல்லிக்கொள்ள ஒரு அக்காதான். சின்ன வயதில் பள்ளிக்கூடம் தூரம். வீட்டில் ஒரே சைக்கிள். அக்கா இறங்கிக்கொண்டாள், இவள் ஏறிக்கொண்டாள். ஏறியவள் பட்டம் வரைக்கும் நிற்காமல் மிதித்தாள். அந்தக் குடும்பத்தில் அதற்கு முன் யாரும் கல்லூரி வாசலைக்கூட மிதித்ததில்லை. இறங்கிக்கொண்ட அக்கா உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டு வயலோடு கிடந்தாள். தங்கை விமானக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். எத்தனை தடவை விளக்கினாலும் அவளுக்கு அது விமானக் கம்பெனிதான்.

ஆண்டுதோறும் விமானம் அக்காவின் வயலுக்கு மேலே பறந்தது. ஆண்டுதோறும் அந்த ஊர் மண் டப்பாவில் அடுப்பறைக்கு வந்தது. ஈரமாகவே வந்தது. ஆனால் அக்கா போனில் ஒரே பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தாள்: மண் வெடித்துக் கிடக்கிறது, அணையில் தண்ணீர் இருந்தும் மதகைத் திறக்க மாட்டேன் என்கிறார்கள், பாசனத் துறையில் போய்க் கேட்டால் வரைபடத்தைக் காட்டுகிறார்கள், அதில் எங்கள் ஊர் நீலமாக இருக்கிறது. நீலம் என்றால் ஈரம். ஈரமான ஊருக்கு மதகு திறக்க விதி இல்லை.

“மிஷின் பொய் சொல்லாது அக்கா. நானே நிறுத்துப் பாத்தேன்” என்று இவள் சொன்னதுண்டு.

“அப்ப நாங்க சொல்றதுதான் பொய்யா?” என்று அக்கா கேட்டாள். படித்தவள் பதில் இல்லாதபோது செய்வதைச் செய்தாள். வேலை இருக்கிறது என்று போனை வைத்தாள்.

இந்த ஆண்டுப் பறப்புக்கு முன் அக்கா மறுபடி கூப்பிட்டாள்.

“உங்க ஆபீஸ் லாரி வந்திருக்குடி.”

“எதுக்கு?”

“எதுக்கா? எங்க கிணத்துல குழாயை விட்டு உறிஞ்சி, நூல் பிடிச்ச மாதிரி வயலுக்குக் குறுக்கே ஒரே கோடா ஊத்திட்டுப் போறான். என்னப்பா பாய்ச்சறியான்னு கேட்டேன். இல்லம்மா, வானத்துக்குக் காட்டணும்ங்கறான். குடிக்கக் கேட்டா முறைக்கறான். நாலஞ்சு வருஷமா இதே கூத்துதான். மண்ணுக்கு ஏதோ மருந்து விடறாங்கன்னு நாங்க நினைச்சிட்டு இருந்தோம்.”

அடுப்பிலிருந்து எடுத்த டப்பா கையைச் சுட்டது; அதை அவள் கவனிக்கவில்லை.

“இருக்கியாடி? சரி, அத விடு. இந்தத் தடவையாவது நீ மேல வருவியா? நீ இருக்கியா இல்லையான்னு தெரியாம ஒவ்வொரு தடவையும் கையாட்டிட்டு நிக்கறேன். பக்கத்து வீட்டுக்காரி நான் பைலட்டுக்குக் கையாட்டறேன்னு கட்டிவிட்டுட்டா. உன் மாமா மூஞ்சியத் தூக்கி வெச்சிட்டு உக்காந்திருக்காரு.”

அதற்கு மறுநாள் காலையில்தான் அவள் கூட்ட அறையில் எழுந்து நின்று, இந்தப் பறப்போடு நிறுத்தாமல் இன்னொரு பறப்பு வேண்டும் என்று கேட்டாள்.

*

“உக்காரும்மா” என்றார் இயக்குநர். “நின்னுட்டுக் கேட்டா அது கோரிக்கை. உக்காந்து கேட்டா சந்தேகம். சந்தேகத்துக்குத்தான் நான் பதில் சொல்லலாம்.”

அவள் உட்காரவில்லை.

“தண்ணி ஊத்தறோம்னு சொல்ற. அது தப்பான வார்த்தை. அதுக்குப் பேரு ஒத்திசைவு.”

“கிணத்துத் தண்ணி சார். ஜனம் குடிக்கற தண்ணி.”

“அதுல என்ன தப்பு? உள்ளூர் மண்ணுக்கு உள்ளூர் தண்ணி. வெளியூர்த் தண்ணியைக் கொண்டுபோய் ஊத்தினா, அதுதான் மோசடி. நாம அப்படிச் செய்வோமா?” என்று மேசையைச் சுற்றிலும் பார்த்தார். எல்லாரும் செய்யமாட்டோம் என்று தலையாட்டினார்கள். மேசைக்கடியிலிருந்தும் ஒரு குரல் “மாட்டோம் சார்” என்றது.

இயக்குநர் எழுந்து குடைக்கு அருகில் போய் நின்றார். பேசவேண்டிய பேச்சை அவர் அங்கே நின்றுதான் பேசுவார்.

“ஒரு வருஷம் ஒத்திசைவு பண்ணாம விட்டோம். அப்ப நீயெல்லாம் பள்ளிக்கூடத்துல இருந்திருப்ப. என்ன ஆச்சு தெரியுமா? மண்ணு வறண்டு கிடந்தது. அன்னிக்கு எனக்குத் தூக்கமே வரல. வறட்சி வந்துடுச்சேன்னு இல்லம்மா. வறட்சி எங்கயும் வரும். அது நம்ம அளவுக்குள்ள வந்துடுச்சேன்னு. மழை பெய்யலைன்னா யாராவது நம்மளக் கேப்பாங்களா? அளவு மாறினா கேப்பாங்க. மண்ணுக்கு வாய் கிடையாது. அதுக்காகப் பேசத்தான் நம்மள உக்கார வெச்சிருக்காங்க. நாம பேசினபடி நடந்துக்க வேண்டியது அதோட கடமை.”

“நம்ம வரைபடத்துல நீலமா இருக்கறதாலதான் சார் அங்க மதகு திறக்க மாட்டேங்கறாங்க. ஜனம் தவிக்குது.”

இயக்குநரின் முகம் மலர்ந்தது. மற்றவர்கள் பக்கம் திரும்பி, “பாத்தீங்களா? பாசனத் துறைக்காரங்க, வாசல்ல நிக்கற ஜனம் அழறதைக்கூட நம்பல. நம்ம அளவை நம்பறாங்க! ஒரு நிலையத்துக்கு இதைவிட என்ன பெருமை வேணும்?” என்றார்.

கைதட்டினார்கள்.

கைதட்டாமல் நின்றது அவள் ஒருத்திதான்.

அன்றே ஒரு குழு அமைக்கப்பட்டது. ‘மறுபறப்புத் தேவையின்மையை ஆராயும் குழு’ என்று பெயர். அவளையே செயலாளர் ஆக்கினார்கள். முடிவு பெயரிலேயே இருந்தபடியால் குழு கூட வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

“இன்னொண்ணும்மா” என்றார் இயக்குநர், அவள் கதவருகே போனபோது. “இந்தப் பறப்புக்கு நீயே வயலுக்குப் போ. உன் கையால கம்பியக் குத்து. ஈரம் இல்லைன்னா என்கிட்ட வந்து சொல்லு.”

கண்ணாடிக்குள் குடை சொட்டிக்கொண்டிருந்தது. வழக்கத்தைவிட வேகமாகச் சொட்டுவதாக அவளுக்குப் பட்டது.

*

ஒத்திசைவுப் பிரிவின் தலைவருக்கு நிலையத்தில் ‘ஈரம் சார்’ என்று பெயர். பிறக்கும்போது வைத்த பெயரை அவரே மறந்திருக்கக்கூடும். காய்ந்த ஊருக்கு முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

“உங்க அக்கா ஊரா இது? அடடா, முன்னாடியே சொல்லக்கூடாதா?” என்று வழியில் வருத்தப்பட்டார். “அவங்க வாசல்லயும் ரெண்டு குடம் ஊத்தச் சொல்லியிருப்பேனே. நம்ம ஸ்டாஃப் வீடு, பாக்க நல்லா ஈரமா இருக்க வேணாமா?”

ஊர் எல்லையில் ஜீப் நின்றது. இறங்கியதும் முதலில் அவள் கவனித்தது நாய் குரைக்காததை. ஒரு ஊர் காலியானால் நாய்தான் கடைசியில் போகும். இங்கே அதுவும் போய்விட்டிருந்தது.

தெருவில் கதவுகள் பூட்டிக் கிடந்தன. பூட்டுகள் புதிதாக இருந்தன, கதவுகள்தான் பழையவை. ஒரு வீட்டுச் சுவரில் காய்வதற்காகச் சாய்த்து வைத்த பானை அப்படியே இருந்தது. அக்கா வீட்டிலும் பூட்டு. அவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். மூலையில் அந்தச் சைக்கிள் நின்றது. சுவரில் இவள் பட்டம் வாங்கிய படம் தொங்கிய இடத்தில் வெளுத்த சதுரம் மட்டும் இருந்தது. எதை விட்டாலும் அக்கா அதை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் குரல் மிக மரியாதையாகச் சொன்னது.

“எல்லாரும் எங்க சார்?”

“போயிட்டாங்க” என்றார் ஈரம் சார். “போன வாரமே. ஒருவகையில நல்லதும்மா. இருந்தாங்கன்னா ஈரத்தை மிதிச்சுக் கலைச்சிடறாங்க.”

வீடுகளுக்குப் பின்னால் வயல். வயல் என்று சொன்னால் அது வயலா? பொருக்கு வெடித்து, கால் வைத்தால் ஓடுபோல நொறுங்கும் மண். கண்ணுக்கு எட்டியவரை சாம்பல் நிறம். அதற்குக் குறுக்கே ஒரே ஒரு பச்சைக் கோடு. லாரி நான்கைந்து ஆண்டுகளாக ஊற்றிவந்த கோட்டில் மட்டும் புல் முளைத்துச் செழித்திருந்தது. அது வளையாமல் நெளியாமல், வரப்பைத் தாண்டி, வேலியைத் தாண்டி, யாருடைய நிலமென்று பார்க்காமல் தொடுவானம்வரை போயிற்று. செத்த உடம்பில் நரம்பு ஒன்று மட்டும் ஓடிக்கொண்டிருப்பதுபோல இருந்தது.

கிணற்றருகே போனாள். நிலையத்தின் குழாய் இன்னும் உள்ளே தொங்கியது. உள்ளிருந்து சொட்டுச் சத்தம் கேட்டது. ஒரு சொட்டு, இடைவெளி, இன்னொரு சொட்டு. கூட்ட அறையில் தினமும் கேட்கிற அதே சத்தம், அதே இடைவெளி. எட்டிப் பார்த்தாள். கிணற்றில் சொட்டுவதற்கு ஒன்றுமில்லை. அடியில் சேறு, அதில் கவிழ்ந்த ஒரு வாளி.

அந்த வாடை. தட்டில் அடித்த அதே சேற்று வாடை.

அவள் சட்டென்று திரும்பினாள். அப்போதுதான் கோட்டின் ஓரமாக மனிதர்கள் நிற்பதைப் பார்த்தாள். வரிசையாக, விமானம் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு. “இருக்காங்களே சார்!” என்று ஓடினாள். பாதி தூரத்தில் கால் தானாக நின்றது.

கம்புகள். ஒவ்வொரு கம்பிலும் குறுக்குக் குச்சி கட்டி ஒரு சட்டையோ ரவிக்கையோ மாட்டியிருந்தார்கள். தலை இல்லை.

ஈரம் சார் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். “விமானத்துல படம் எடுப்பாங்கம்மா. திட்டத்துல மக்கள் பங்கேற்பு இருக்கணும்னு விதி. முன்னெல்லாம் ஜனமே வந்து கையாட்டும். இப்ப ஜனம் இல்ல. விதி இருக்கே, என்ன பண்றது? பழைய துணி வாங்கி மாட்டினோம். காத்துல தானா கையாட்டும்; மேலருந்து பாத்தா ஒரு வித்தியாசமும் தெரியாது.” ஒரு சட்டையின் காலரைப் பாசமாகச் சரிசெய்தார். “உண்மையைச் சொன்னா, ஆளுங்களைவிட இவங்க நல்லா ஒத்துழைக்கறாங்க. தண்ணி கேக்கறதில்ல.”

அவள் வரிசையோடு நடந்தாள். கடைசிக்கு முன்னால் இருந்த நீலச் சட்டையில் பையைச் சிவப்பு நூலால் தைத்திருந்தது. வேறு நூல் இல்லையென்று அக்கா தைத்ததும், நீலத்தில் சிவப்பு என்ன அலங்காரமா என்று மாமா முறைத்ததும் முன்பொரு நாள் அவள் கண்ணெதிரில் நடந்தவை. அடுத்த கம்பில் இருந்தது அக்காவின் ரவிக்கை.

விமானம் வந்தது.

தாழ, காது அடைக்கிற சத்தத்தோடு, கோட்டின்மேல் கோடாகப் பறந்தது. காற்று வாரி அடிக்க, வெற்றுக் கைகள் எல்லாம் ஒன்றாக உயர்ந்தன. ஈரம் சாரும் கையாட்டினார். “குத்து, குத்து! இப்பத்தான் குத்தணும்!” என்று கத்தினார். அவள் கம்பியைக் கோட்டில் குத்தினாள். வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. கம்பியிலிருந்த கருவி மூல அளவைக் காட்டியது. அப்படியே உருவி, ஓரடி தள்ளிக் குத்தினாள். கம்பி வளைந்தது.

“அங்க ஏம்மா குத்தற? அது நம்ம மண்ணு இல்ல!”

அவள் குனிந்து ஒரு கட்டியை நகத்தால் பெயர்த்தாள். நகம் பிய்ந்தது. கட்டியை டப்பாவில் போட்டு மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

விமானம் போய்விட்டது. சத்தம் அடங்கியது. காற்று நின்று சட்டைகளின் கைகள் ஒவ்வொன்றாகத் தொங்கிப்போயின. அக்காவின் ரவிக்கை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. ஈரம் சார் கையிலிருந்த காற்றுமானியைப் பார்த்தார். காற்று இல்லை என்று அது காட்டியது. அவர் ரவிக்கையைப் பார்த்தார், காற்றுமானியைப் பார்த்தார், காற்றுமானியை நம்புவது என்று தீர்மானித்தவர்போல, “வாம்மா, போலாம்” என்று ஜீப்புக்கு நடந்தார். நடந்தார் என்று சொல்வது மரியாதைக்கு. அந்த ரப்பர் பூட்ஸோடு அவ்வளவு வேகமாக யாரும் நடந்து அவள் பார்த்ததில்லை.

*

மறுநாள் அடுப்பறையில் இருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

“நான்தான்டி. போன்ல சார்ஜ் இல்ல, பக்கத்துல ஒருத்தர்கிட்ட வாங்கிப் பேசறேன்.”

அவள் அடுப்போரமாகவே உட்கார்ந்துவிட்டாள். “எங்கக்கா போன? சொல்லாமக் கொள்ளாம? நான் என்னென்னவோ நினைச்சு...”

“ஊரே இங்கதான் இருக்கு. மதகு மேட்டுல. வழியை மறிச்சு உக்காந்துட்டோம். மதகைத் திறக்கற வரைக்கும் எழுந்திருக்கறதில்லைன்னு பேச்சு. கிணறு வத்திப் போச்சுடி, அங்க இருந்து என்ன பண்றது? உன்கிட்ட சொல்லலாம்னுதான் இருந்தேன். சொன்னா நீ மிஷினைக் கேட்டுட்டு வந்து பதில் சொல்லுவ.”

அது அவளுக்கு உறைத்தது. உறைக்க வேண்டும் என்றுதான் அக்காவும் சொன்னாள்.

“அக்கா, கம்புல உன் துணியும் மாமா சட்டையும்...”

“ஆமா, உங்க ஆளுங்க வந்து கேட்டாங்க. பழசு இருந்துது, குடுத்தேன்.” அக்கா கொஞ்சம் தயங்கினாள். “நீ ஒருவேளை மேல இருந்தா, யாருமே கையாட்டலைன்னு நினைப்பியேன்னு. நீ மேலயாடி இருந்த?”

“இல்லக்கா. கீழதான் இருந்தேன்.”

“அப்ப பாத்திருப்பியே.”

“பாத்தேன்.”

மதகு மேட்டின் காற்று போனில் இரைந்தது. யாரோ சிரித்தார்கள், ஒரு குழந்தை அழுதது. பூட்டின தெருவுக்குப் பிறகு அந்த அழுகையே அவள் காதுக்கு ஆறுதலாக இருந்தது.

“அக்கா, பக்கத்துல எனக்கு ஒரு இடம் பிடிச்சு வை” என்று சொல்லிவிட்டு அடுப்பை அணைத்தாள்.

*

அன்று மாலைக் கூட்டத்தில் எல்லாரும் எழுந்து குடையைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். வானமும் விமானமும் மண்ணும் இந்த ஆண்டும் ஒரே குரலில் பேசியிருப்பதாக இயக்குநர் அறிவித்தார். மக்கள் பங்கேற்பு முன்னெப்போதையும்விட ஒழுங்காக இருந்ததைப் படத்தில் காட்டினார். தலையில்லாத சட்டைகள் வரிசையாகக் கையை உயர்த்தியிருந்தன. கைதட்டல்.

“இன்னொரு நல்ல சேதி. நம்ம அடுப்பறைப் பொண்ணு ஒரு கோரிக்கை வெச்சிருந்தது. அதை ஏத்துக்கறோம். மறுபடி பறக்கறோம்!”

துணை இயக்குநர் இந்தத் தடவை மேசைக்கடியில் போகவில்லை.

“ஒரே கோடா இருந்தா பாக்கறவங்களுக்குச் சந்தேகம் வருது. அதனால அகலமா அடிக்கப் போறோம். கிணறு வத்திட்டதால அணைத் தண்ணி எடுக்க அனுமதி வாங்கியாச்சு.”

“வெளியூர்த் தண்ணி மோசடின்னீங்களே சார்” என்றாள் அவள்.

“அணை எல்லாருக்கும் உள்ளூர்தாம்மா. அங்க மதகு மேட்டுல கொஞ்சம் பேர் வழியை மறிச்சிட்டு உக்காந்திருக்காங்களாம். லாரி போறதுக்கு முன்னாடி ஒதுக்கிடறோம்னு சொல்லியிருக்காங்க.” குரலைத் தாழ்த்தி, தகப்பன் மாதிரி குழைந்தார். “இந்தத் தடவை நீ கீழ நிக்க வேண்டாம். விமானத்துல உனக்கு ஒரு சீட்டு. ஜன்னலோரம். உங்க குடும்பத்துல யாராவது விமானம் ஏறியிருக்காங்களா? நீதான் முதல்ல.”

அவள் மனம் ஆடவில்லை என்று சொன்னால் பொய். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அந்த ஆசை உண்டு. அக்காவுக்கு அதைவிட அதிகம். மேலிருந்து பார்த்தால் நம் வீடு தெரியுமா, வீட்டு வாசலில் நான் நிற்பது தெரியுமா என்று எத்தனை தடவை கேட்டிருக்கிறாள். தெரியும். இப்போது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஈரமாக ஒரு கோடும், கோட்டோரம் கையாட்டும் துணியும் தெரியும்.

பையிலிருந்து டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து மேசைமேல் வைத்தாள்.

“இதுவும் அந்த ஊர் மண்ணுதான் சார். உங்க கோட்டுல இருந்து ஓரடி தள்ளி எடுத்தது.”

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். எலும்புத் துண்டுபோல ஒரு கட்டி. இயக்குநரின் முகம் கோணியது. சட்டையில் கறை பட்டவரைப்போல அவசரமாக வாசல் பக்கம் திரும்பி, “யாருப்பா அங்க? கொஞ்சம் தண்ணி கொண்டா” என்றார்.

உதவியாளர் குவளையோடு வந்து ஊற்றினார். கட்டி சத்தமில்லாமல் குடித்தது. நிறம்கூட மாறவில்லை.

“இன்னும் ஊத்து.”

ஊற்றினார். குவளை காலியாயிற்று. டப்பாவின் அடியில் ஒரு துளி இல்லை. கட்டி நேற்றுப்போலவே வெடித்துக் கிடந்தது.

“என்னய்யா ஊத்தற? ஜாடியக் கொண்டா!”

ஜாடி வந்தது. துணை இயக்குநர் தன் முன்னாலிருந்த தண்ணீரையும் கொடுத்தார். ஈரம் சார் எழுந்து, இது தன் பிரிவின் வேலை என்று ஜாடியைப் பிடுங்கிக்கொண்டார். யாரோ தேநீரை நீட்டினார்கள். அதையும் ஊற்றினார்கள். “மூல அளவு வர்ற வரைக்கும் ஊத்துங்க” என்று இயக்குநர் கத்தினார். அந்தக் கூச்சலில், கண்ணாடிப் பெட்டிக்குள் குடை சொட்டுவதை நிறுத்திவிட்டதை உதவியாளர் ஒருவர்தான் பார்த்தார். தட்டும் வறண்டிருந்தது. அவர் குவளையைக் கீழே வைத்தார்.

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள்.

“ஏம்மா, சீட்டு?” என்றது இயக்குநரின் குரல் பின்னாலிருந்து.

அவள் திரும்பவில்லை.

வாசலில் நிலையத்தின் தண்ணீர் லாரி காலியாக நின்றது. டிரைவர் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும், “பஸ்ஸுக்காம்மா போறீங்க? நான் அணைப் பக்கம்தான் போறேன். ஏறிக்கோங்க, வழியில எங்க வேணுமோ விட்டுடறேன்” என்றார்.

“வேணாம்ண்ணே. நீங்க மெதுவா வாங்க” என்றாள் அவள். “மதகு மேட்டுல உங்க வண்டிக்கு முன்னாடி நான்தான் உக்காந்திருப்பேன்.”